பாண்டி நாட்டுக் குதிரைகளும் புல்லுணவும்

கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை அறியும். ஆயினும், குதிரை வணிகத்தின் அளவினையும் அதனால் நேர்ந்த இழப்பினையும் ஒருங்கே காட்டும் சான்றுகள் 13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியே எமக்குக் கிடைக்கின்றன. அவற்றுள் இரண்டினை ஈண்டு நோக்குவோம்.

கைஸ் தீவிலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் மஃபர் எனப்பட்ட பாண்டி நாட்டுக் கரைக்கு அனுப்பப்பட்டன என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகின்றார். கடலில் இறந்த குதிரைக்கும் அரச கருவூலமே விலை கொடுத்ததாம். மன்னரும் உடன்பிறந்தார் நால்வரும் ஆண்டுக்கு 2,000க்கு மேற்பட்ட குதிரைகளைத் தனித்தனியே வாங்க விரும்பினர் என்றும், ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் மார்க்கோ போலோ கூறுவார். எண்கள் மிகைபட்டனவாயிருத்தல் கூடும். நரி பரியான திருவிளையாடற் கதையிலே வாங்கிய குதிரைகள் ஓரிரவில் மறைந்தமை இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது.

இவ்வழிவுக்குத் தட்பவெப்பத்தையும் குதிரை மருத்துவர் இன்மையையும் காரணமாகக் காட்டுவது வழக்கம். மருத்துவரை அங்குச் செல்லவிடாது தடுத்தவர் வணிகரே என்பது போலோவின் குற்றச்சாட்டு. எமது கவனத்தை ஈர்ப்பது உணவு பற்றிய செய்தியாகும். சோற்றுடன் வேகவைத்த இறைச்சியை ஊட்டினர் என்கிறார் போலோ. வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் கலந்த தானியம், காய்ச்சிய பசுப்பால் என்கிறார் வஸ்ஸாப். மேலும், கொழுக்கும்பொருட்டு 40 நாள் முளையிற் கட்டிவைத்து, பின்னர் பயிற்சியின்றி ஏறிச் செலுத்தினராம். வலிய குதிரைகள் விரைவில் மெலிந்து மந்தமாயின.

குதிரையின் இரைப்பை சிறியது. 8 முதல் 15 லீற்றர் வரையே கொள்ளும். நார்ப்பொருளைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பெருங்குடற் பகுதியிலே வாழ்கின்றன. நெடுநேரம் புல்லை மெல்லுகையிற் சுரக்கும் உமிழ்நீர் இரைப்பை அமிலத்தைத் தணிக்கும். மாப்பொருள் மிகுந்து பெருங்குடலை அடைந்தால் அது புளித்து, வயிற்றுவலியும் குளம்பழற்சியும் நேரும். இக்காலக் கணிப்பின்படி, உடல் நிறையில் 1.5 சதவீதமேனும் உலர்ந்த புல்லாக நாள்தோறும் வேண்டும்; 400 கிலோகிராம் குதிரைக்கு அது 6 கிலோகிராம். ஓடி உழைக்கும் குதிரைக்குத் தானியம் துணையுணவேயன்றிப் புல்லுக்கு ஈடாகாது.

தானியத்தை வேகவைத்ததையே அறியாமை எனக் கொள்ளுதல் எமக்கு உடன்பாடன்று. வெந்த மாப்பொருள் சிறுகுடலில் எளிதிற் செரிக்கும். கொள்ளை அவித்து ஊட்டும் தென்னாட்டு வழக்கமும் நெடுநாள் நிலைத்தது. குறைபாடு வேறிடத்தில் உளது. புல்லையோ வைக்கோலையோ முதன்மையாகக் கொண்ட ஊட்டல் இவ்விவரங்களிற் புலப்படவில்லை, நடமாட்டமும் இல்லை. வஸ்ஸாப் வரைந்த தளர்ச்சி குளம்பழற்சியோடு ஒத்துச்செல்கின்றது. ஆயின், வேற்றுநாட்டார் இருவரின் கூற்றைக்கொண்டு நோயை உறுதிப்படுத்தல் இயலாது.

நெடுந்தீவிலோ நிலைமை வேறு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் அங்கு எவர் ஊட்டலுமின்றித் தரவைப் புல்லை மேய்ந்து இன்றும் திரிகின்றன. கடும் வறட்சியில் அவை மடிவதற்கு நீரின்மையே பெருங்காரணம்.