போர்வீரன் Vs. மந்திரவாதி வழக்கு
மெஸ் சாம்பார், ஹாஸ்டல் வார்டன், கட் அடித்த வகுப்பு, எல்லாம் இந்த மலரில் மற்ற நண்பர்கள் எழுதியிருப்பார்கள். நான் கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். ஒரு விளையாட்டின் விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க ஐம்பது வருஷமாக நடக்கும் சண்டையின் சரித்திரம் இது. நம் ஹாஸ்டலிலும் அந்தச் சண்டையின் ஒரு கிளை நடந்தது என்பது சிலருக்கு நினைவிருக்கும்.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் நடுவர். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் – போர்வீரன், மந்திரவாதி, திருடன் என்று. நடுவர் கதை சொல்வார், இவர்கள் "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள், நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். ஜெயிப்பு தோற்பு கிடையாது. கதை வாரக்கணக்கில், வருஷக்கணக்கில் போகும். அவ்வளவுதான்.

சரி, ஜெயிப்பே இல்லாத ஆட்டத்தில் சண்டை எதற்கு? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

இதன் தாத்தா ஒரு ராணுவ விளையாட்டு. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 1824ல் போர்ப் பயிற்சிக்காக வரைபடமும் பகடையும் வைத்து ஒரு ஆட்டத்தை வெளியிட்டார். விதிகளும் அட்டவணைகளும் ஏராளம். ஐம்பது வருஷம் கழித்து, 1876ல், வெர்டி டு வெர்ன்வா என்ற தளபதி "இத்தனை அட்டவணை எதற்கு? அனுபவமுள்ள நடுவர் ஒருவர் போதும், அவர் சொல்வதே தீர்ப்பு" என்கிற கட்சியை எடுத்தார். விதிப்புத்தகமா, நடுவரா? கேள்வி அன்றைக்கே பிறந்துவிட்டது பாருங்கள்.

அமெரிக்க ராணுவத்தின் டாட்டன் 1880ல் 'ஸ்ட்ராட்டெகோஸ்' என்று இதே வகையில் ஒரு புத்தகம் எழுதினார். பல வருஷம் தூசி படிந்து கிடந்த அதை மின்னசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் கண்டெடுத்தார். (நூலகத்தின் பின்வரிசை அலமாரிக்குப் போகாத தற்கால மாணவர்கள் கவனிக்கவும்!) நடுவருக்கு முழு அதிகாரம் என்ற யோசனையை அதிலிருந்து எடுத்து, 1969ல் 'பிரவுன்ஸ்டைன்' என்ற ஆட்டத்தை நடத்தினார். படைக்குப் பதில் ஆளுக்கொரு பாத்திரம். அதை ஆடிய டேவ் ஆர்ன்சன், பிறகு விஸ்கான்சினில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில் இருந்த கேரி கைகாக்ஸுடன் சேர்ந்தார். 1974ல் டி.எஸ்.ஆர். என்ற குட்டிக் கம்பெனி மூலம் வெளிவந்தது முதல் பதிப்பு: ஒரு பெட்டி, மூன்று சிறு புத்தகங்கள், 10 டாலர், 1000 பிரதிகள்.

அந்த மூன்று புத்தகங்களில் பாதி விஷயம் விளங்காது. ஊருக்கு ஊர் தங்களுக்குத் தோன்றியபடி ஓட்டைகளை அடைத்துக்கொண்டார்கள். 1975ல் லாஸ் ஏஞ்சல்ஸில் லீ கோல்ட் என்ற பெண்மணி 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார். ஆடுகிறவர்களே பக்கம் பக்கமாக எழுதி அனுப்புவார்கள், அவர் தொகுத்துத் தபாலில் அனுப்புவார். மந்திரம் இப்படி வேலை செய்வது சரியா, கவசம் போட்டால் அடி படாதா அல்லது பட்டாலும் குறையுமா – மாதாமாதம் இதே வாதம். கைகாக்ஸுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. 1977 முதல் 1979 வரை 'அட்வான்ஸ்ட்' பதிப்பின் மூன்று தடிமன் புத்தகங்களைக் கொண்டுவந்து, எல்லா ஊரிலும் ஒரே ஆட்டம் இருக்கவேண்டும் என்று நின்றார். நிஜத்தைப் போல இருக்கவேண்டும் என்று கேட்டவர்களுக்கு, இது விளையாட்டு, விளையாட்டாக ஓடினால் போதும் என்று 1978லேயே 'டிராகன்' பத்திரிகையில் பதில் எழுதினார்.

இனி முக்கிய வழக்கு. போர்வீரனும் மந்திரவாதியும் ஒரே குழுவில் இருக்கிறார்கள். போர்வீரன் நிலை ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமாவான். மந்திரவாதியோ, ஆரம்பத்தில் பூனை பிறாண்டினாலே செத்துவிடுவான். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். ஆனால் ஐந்தாம் நிலையில் நெருப்புக்கோளம் கிடைக்கும், ஐந்து பகடை, சராசரி 17.5 சேதம், அதுவும் கூட்டமாக நிற்கும் எல்லாருக்கும். கத்திக்காரனின் எட்டுப்பக்கப் பகடையின் சராசரி 4.5, அதுவும் ஒரே எதிரிக்கு. பதினைந்தாம் நிலைக்கு மேல் போர்வீரன் மந்திரவாதிக்குப் பெட்டி தூக்க வேண்டியதுதான்.

கைகாக்ஸுக்கு இது தெரியாமல் இல்லை. எஞ்சினீயர் கண்ணோடு பழைய புத்தகத்தைப் பார்த்தால் எங்கெங்கே பிரேக் வைத்திருக்கிறார் என்று தெரிகிறது. இரண்டாம் நிலைக்குப் போகத் திருடனுக்கு 1251 புள்ளி போதும், போர்வீரனுக்கு 2001, மந்திரவாதிக்கு 2501. மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு அடி விழுந்தால் மந்திரம் போச்சு. ஒவ்வொரு மந்திரத்தையும் மறுபடி மனப்பாடம் செய்ய அதன் நிலைக்கு 15 நிமிஷம் வீதம் ஆகும். எதிரி பெரியவனாக ஆக, மந்திரத்தைத் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பும் ஏறும். போர்வீரனுக்கு ஒன்பதாம் நிலையில் கோட்டை கட்டினால் படையே வந்து சேரும். இது ஒன்றும் 'சமநிலை' என்ற தலைப்பில் ஒரே அத்தியாயத்தில் இல்லை. புத்தகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும்.

1997ல் டி.எஸ்.ஆரை விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கம்பெனி வாங்கியது. 2000ல் மூன்றாம் பதிப்பு. மிக நேர்த்தியான வேலை, மறுக்கவில்லை. ஒரே இருபது பக்கப் பகடை, ஒரே கணக்கு. நாங்கள் ஹாஸ்டலில் ஆடியது இதைத்தான். விதிகளின் சாரத்தை இலவசமாகக் கொடுத்திருந்தார்களே, ஜெராக்ஸ் கடை இருக்கும்போது புத்தகம் எதற்கு? ஆனால் நேர்த்தி செய்கிற வேகத்தில் பிரேக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார்கள். எல்லா வேஷத்துக்கும் ஒரே புள்ளி அட்டவணை. மந்திரவாதி தயாராக மொத்தம் ஒரே மணி நேரம். அடி விழுந்தாலும் பகடை போட்டு மந்திரத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அவன் புத்தி ஏற ஏற எதிரி தப்புவது கஷ்டம். படை பரிவாரமும் தானாக வராது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு மாற்றமும் நியாயமானதே. எரிச்சலூட்டும் விதிகள்தானே போயின! மொத்தமாக ஓட்டிப் பார்க்கும்போதுதான் வண்டி நிற்கவில்லை.

எங்கள் அறையில் வாதம் இரண்டு கட்சி. "புத்தகம் தப்பு, திருத்து" என்பது ஒன்று. "நடுவன் நீ எதுக்குடா இருக்க? அவன தூங்க விடாத, ராத்திரி ஓநாய் அனுப்பு" என்பது இன்னொன்று. ரைஸ்விட்ஸும் வெர்டியும் மறுபடி வந்து கட்டிலில் உட்கார்ந்த மாதிரி.

2008 ஜூனில் நான்காம் பதிப்பு புத்தகம் கட்சிக்குத் தீர்ப்பு சொன்னது. (அதற்கு மூன்று மாதம் முன்புதான் கைகாக்ஸ் காலமானார்.) போர்வீரனுக்கும் மந்திரவாதிக்கும் ஒரே அமைப்பு: எப்போதும் செய்யக்கூடியவை, சண்டைக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை. சமநிலை கிட்டத்தட்ட வந்தேவிட்டது. ஜனங்கள் சந்தோஷப்பட்டார்களா? "எல்லா வேஷமும் ஒரே மாதிரி இருக்கு" என்று பெரும் கூட்டம் கோபித்துக்கொண்டு, மூன்றாம் பதிப்பை ஒட்டி பைசோ கம்பெனி 2009ல் வெளியிட்ட 'பாத்ஃபைண்டர்' பக்கம் போய்விட்டது. என் அபிப்பிராயத்தில் நான்காம் பதிப்பை அநியாயமாகத் திட்டினார்கள். அதில்தான் முதல்முறையாகப் போர்வீரன் வேஷம் எடுத்தவன் தன் முறை வரும்வரை கொட்டாவி விடாமல் இருந்தான். ஆனால் எதிர்க்கட்சியின் குறையும் பொய்யில்லை. மந்திரம் மந்திரமாகவே தோன்றவில்லை.

இரண்டு வருஷம் பொதுமக்களிடம் ஆடிப் பார்க்கக் கொடுத்த பிறகு 2014ல் ஐந்தாம் பதிப்பு வந்தது. கழற்றிய பிரேக்குகளில் ஒன்றை வேறு வடிவில் மாட்டினார்கள்: கவனம் தேவைப்படும் மந்திரங்களில் ஒரு சமயத்தில் ஒன்றுதான். இருபது நிலைக்கும் தேர்ச்சிக் கூட்டல் 2லிருந்து 6 வரைதான், அதனால் எண்கள் வானத்துக்குப் போவதில்லை. ஆனால் அந்தக் கணக்கு முழுவதும் ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டுச் சண்டை நடக்கும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. வேலைக்குப் போகிறவன் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்தில் ஒரு சண்டை முடித்தாலே பெரிது. அந்த ஒன்றிலேயே மந்திரவாதி கையிருப்பு முழுவதையும் கொட்டிவிடுவான். புத்தகத்தில் இருக்கும் சமநிலை மேஜையில் இல்லாமல் போவது இப்படித்தான்.

2024ல் திருத்திய பதிப்பில் போர்வீரனின் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் தனி வித்தை கொடுத்திருக்கிறார்கள். கோடாலி பக்கத்து எதிரியையும் வெட்டும், சம்மட்டி தள்ளிவிடும். நெருப்புக்கோளம் இன்னும் நெருப்புக்கோளமாகவே இருக்கிறது. சந்திப்பு நாளன்று பழைய கோஷ்டியில் யாராவது வந்தால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிவில் பிளாக் பக்கம் மரத்தடிக்கு வரவும். பகடை நான் கொண்டுவருகிறேன். இந்தமுறை மந்திரவாதி எனக்கு.