வயிறா, வேகமா? குண்டோதரன் முதல் கோபயாஷி வரை

சாப்பாட்டுப் பந்தயத்தில் ஜெயிப்பது பெரிய வயிறா, வேகமான வாயா? என் தொழில் பாஷையில் கேட்டால், ஸ்டோரேஜா பேண்ட்விட்த்தா? கேட்க விளையாட்டாக இருக்கும். ஆனால் இதற்கு நம் புராணம் ஒரு பதில் வைத்திருக்கிறது, அமெரிக்கப் போட்டி மேடை வேறொரு பதில் வைத்திருக்கிறது, எக்ஸ்ரே அறை மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறது. மூன்றையும் வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் நம்ம ஆட்கள். பெருந்தீனிக்காரர்களுக்கு நம் மரபு வைத்த பெயர்களையே கவனியுங்கள். குண்டோதரன் என்றால் குடம் போன்ற வயிறு உள்ளவன். பீமனுக்கு விருகோதரன் என்று ஒரு பெயர், ஓநாய் வயிற்றுக்காரன். எல்லாமே 'உதரம்', அதாவது வயிறு. வாயையோ பல்லையோ வைத்து யாருக்கும் பெயர் வரவில்லை. மீனாட்சி கல்யாணத்தில் மீந்துபோன சோற்று மலையைக் குண்டோதரன் காலி செய்ததைத் திருவிளையாடற் புராணம் விரிவாகவே சொல்கிறது. எவ்வளவு நேரத்தில் தின்றான் என்பது அங்கே கணக்கே இல்லை. கேள்வி ஒன்றுதான்: இவனுக்கு நிரம்புமா, நிரம்பாதா?

எங்கள் காஞ்சிபுரத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்ற வித்தியாதரப் பெண்ணுக்கு 'யானைத்தீ' என்று ஒரு நோய். முனிவர் சாபத்தால் பன்னிரண்டு வருஷம் எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. புகார் நகரில் மணிமேகலை அமுதசுரபியிலிருந்து எடுத்துப் போட்ட ஒரு பிடி சோற்றில் அது அடங்குகிறது. பிறகு அதே பாத்திரத்தோடு மணிமேகலை வந்து சேரும் ஊர், மழை பொய்த்துப் பஞ்சத்தில் கிடந்த காஞ்சி. பஞ்சம் பார்த்த சமூகத்துக்கு வயிறு நிரம்புவதே பெரிய அதிசயம். வேகம் யாருக்கு வேண்டும்?

இந்தக் கணக்கு இன்னும் மாறவில்லை. 2009-இல் வந்த 'வெண்ணிலா கபடி குழு' படத்தில் சூரியின் பரோட்டாப் பந்தயம் ஞாபகம் இருக்கும். ஐம்பது பரோட்டா என்பதுதான் சவால். எண்ணிக்கையில் தகராறு வந்ததும், கோட்டையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்கிறார். அந்த நகைச்சுவை எடுபடுவதே அங்கே கடிகாரம் இல்லாததால்தான்.

கடிகாரத்தைக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்கர்கள். நியூயார்க் கோனி தீவில் நேதன்ஸ் கடை ஒவ்வொரு ஜூலை 4-ஆம் தேதியும் ஹாட் டாக் போட்டி நடத்துகிறது. 1916-இலிருந்தே நடக்கிறது என்பது விளம்பரத்துக்காகக் கட்டிய கதை. கட்டியவர்களில் ஒருவரே பிற்காலத்தில் அதை ஒப்புக்கொண்டார். உண்மையில் அது தொடங்கியது 1970-களில். 2000-இல் அங்கே சாதனை 25 சொச்சம். 2001-இல் ஜப்பானிலிருந்து ஒல்லியாக ஓர் இளைஞர் வந்தார், பெயர் தகேரு கோபயாஷி. பன்னிரண்டு நிமிடத்தில் 50! ஒரே வருஷத்தில் சாதனை இரட்டிப்பு.

அவர் செய்தது எஞ்சினியர் வேலை என்பேன். ஹாட் டாக்கை இரண்டாக ஒடித்தார், ரொட்டியைத் தனியாகத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உள்ளே தள்ளினார். மெல்லும் வேலையைக் கைக்கும் தண்ணீருக்கும் மாற்றிவிட்டார், அவ்வளவுதான். 2021-இல் ஜோயி செஸ்ட்நட் பத்தே நிமிடத்தில் 76 தின்றார். ஒன்று சுமார் 100 கிராம் என்று வைத்தால் ஏழரை கிலோவுக்கு மேல். வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி ஒன்று ஒன்றரை கிலோ வரும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் ஐந்து முழு குடலை இட்லி!

அப்படியென்றால் வேகம்தான் ஜெயித்ததா? இங்கேதான் எக்ஸ்ரே வருகிறது. 2007-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு போட்டியாளரையும், அவரைவிட வாட்டசாட்டமான ஒரு சாதாரண ஆளையும் சாப்பிட வைத்து வயிற்றைப் படம் பிடித்தார்கள். சாதாரண ஆள் ஏழோடு நிறுத்திக்கொண்டார். போட்டியாளர் பத்து நிமிடத்தில் 36-ஐத் தொட்டார், மருத்துவர்கள்தான் பயந்து நிறுத்தினார்கள். அவர் இரைப்பை உணவைச் சீக்கிரம் குடலுக்குத் தள்ளிவிடுகிறதா என்று பார்த்தால், இல்லை. கிட்டத்தட்ட சுருங்கவே மறந்து, பலூன் மாதிரி விரிந்துகொண்டே போயிருக்கிறது. போதும் என்ற உணர்வும் வரவில்லை. இப்படிப் பழக்கிய இரைப்பை நாளடைவில் சுருங்கும் சக்தியையே இழக்கலாம், ஓயாத வாந்தியில் கொண்டுபோய் விடலாம் என்று அவர்கள் எச்சரித்தார்கள்.

ஆக, விடை இரண்டும்தான். வயிறு நுழைவுச் சீட்டு, வேகம் கோப்பை. மேடையில் நாம் பார்ப்பது வேகத்தை மட்டும். அதற்குப் பின்னால் வருஷக்கணக்கில் பழக்கப்பட்ட இரைப்பையும் தொண்டையும் இருப்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். 2024 செப்டம்பரில், ஓணம் சமயத்தில், பாலக்காடு பக்கம் வாளையாறு அருகே ஓர் இட்லிப் போட்டியில் 49 வயதுக்காரர் ஒருவர் தொண்டையில் இட்லி அடைத்து இறந்துபோனார். அவரைக் கொன்றது வயிற்றின் கொள்ளளவு அல்ல, வேகம். நம் ஊர்ப் பந்தயங்கள் பழைய வயிற்றுக் கணக்கைக் கைவிட்டு, அமெரிக்கக் கடிகாரத்தை மட்டும் கடன் வாங்கிக்கொண்டன. இட்லி மெத்தென்று இருப்பதால் ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் சாம்பார், சட்னி இல்லாமல் அள்ளித் திணித்தால் அது வாயில் பிசைந்த மாவுக் கட்டி. அவசரத்தில் மூச்சு இழுத்தால் உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாய் வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

பொங்கல் விளையாட்டு விழா நடத்தும் நண்பர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். இட்லிப் போட்டி கட்டாயம் வேண்டுமென்றால் கடிகாரத்தை எடுத்துவிடுங்கள். சாம்பாரும் தண்ணீரும் கொடுங்கள். அடைத்துக்கொண்டால் முதுகில் ஐந்து தட்டு, அப்புறம் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து மேல்வயிற்றில் உள்நோக்கி மேலாக ஐந்து அழுத்து, அடைப்பு விடும்வரை மாறி மாறிச் செய்யத் தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும். இன்னொருவர் 108-க்கு போன் போடட்டும்.

மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைப்பது எங்கள் ஊர் இட்லி. வேகவே அவ்வளவு நேரம் எடுப்பதைத் தின்ன மட்டும் என்ன அவசரம்?