நிகரற்ற விளையாட்டு வீரர் யார்?

வாலிபர் நால்வர் கூடுமிடத்தில் ஓயாது நடக்கும் வாதங்களுள் ஒன்று, உலகில் இதுவரை தோன்றிய விளையாட்டு வீரருள் தம் துறையைத் தனியரசு செலுத்தி ஆண்டவர் யார் என்பது. பெரியோர் பிராட்மன் என்பர். இளைஞர் உசேன் போல்ற் என்பர். உதைபந்தாட்டப் பிரியர் பெலே என்றும் மெஸ்ஸி என்றும் மேசையைத் தட்டிக் கூறுவர். குத்துச்சண்டையை விரும்புவோர் முகமது அலியை விட்டுக்கொடார். விளக்கணைக்கும் நேரம் வரும், தீர்ப்பு வராது. வீரர் பலராயிருப்பது இதற்குக் காரணமன்று. ஒவ்வொருவரும் வெவ்வேறு அளவுகோலைக் கையிற் பிடித்துக்கொண்டு அளப்பதே காரணம். ஆதலின் வீரரைத் தேடுமுன் அளவுகோலைத் தேடுதல் முறையாகும்.

கடிகாரம் இதற்கு உதவாது. 1936ஆம் ஆண்டில் பேர்லின் ஒலிம்பிக்கில் ஜெசி ஓவன்ஸ் 100 மீற்றர் தூரத்தை 10.3 வினாடியில் ஓடினார். அதே அரங்கில், 2009ஆம் ஆண்டில், உசேன் போல்ற் 9.58 வினாடியில் ஓடினார். ஓவன்ஸ் ஓடியது கரித்தூள் பரப்பிய பாதையில். காலை ஊன்றுதற்குத் தாமே சிறு குழி தோண்டிக்கொண்டு ஓடினார். போல்ற்றுக்கோ செயற்கைப் பாதையும் உந்துகட்டையும் இருந்தன. இவ்விருவரையும் ஒரே கடிகாரத்தால் அளப்பது, மாட்டுவண்டியையும் மோட்டார் வண்டியையும் ஓட்டப்பந்தயத்துக்கு விடுவது போலாகும்.

நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. ஒருவர் தம் காலத்தில், தம்மோடு போட்டியிட்டவருள் இரண்டாமவரினின்றும் எவ்வளவு தூரம் விலகி நின்றார்? போல்ற் அன்று 9.58 வினாடியில் ஓடியபோது இரண்டாமிடம் பெற்ற ரைசன் கே 9.71 வினாடியில் ஓடினார். ஓட்டப்பந்தயத்தில் அது பெரிய இடைவெளி. ஆயினும் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்கும் குறைவு. இந்த இடைவெளியை மனத்தில் இருத்திக்கொண்டு மேற்செல்வோம்.

பழங்காலத்தில் தொடங்குவதானால் கிரேக்கரிடம் செல்லவேண்டும். குரோத்தோன் நகரத்து மிலோ என்னும் மல்லன் கி. மு. 540இல் சிறுவர் மல்யுத்தத்திலும், பின்னர் அடுத்தடுத்து ஐந்து ஒலிம்பிக் விழாக்களில் ஆடவர் மல்யுத்தத்திலும் வாகை சூடினான். நாள்தோறும் ஒரு கன்றைத் தோளிற் சுமந்து, அது காளையாகும் வரை சுமந்தே பலம் பெற்றான் என்று கதை கூறும். கதையை நம்புவோர் நம்புக. அவன் பெற்ற வாகை வரலாறு. றோட்ஸ் தீவினனான லியோனிதாஸ் இன்னும் வியப்புக்குரியவன். கி. மு. 164 முதல் 152 வரை நான்கு ஒலிம்பிக் விழாக்களில் மூன்று ஓட்டங்களிலும் அவனே முதல்வன். அம்மூன்றில் ஒன்று தலைக்கவசமும் கேடயமும் தாங்கி ஓடுவது. இவ்வாறு பெற்ற பன்னிரண்டு தனிவெற்றிகளை இரண்டாயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக எவரும் தாண்டவில்லை. 2016ஆம் ஆண்டில் றியோ நகரிலே மைக்கல் பெல்ப்ஸ் என்னும் அமெரிக்க நீச்சல் வீரர் தமது பதின்மூன்றாவது தனிவெற்றியைப் பெற்றபோதே அக்கணக்கு முறியடிக்கப்பட்டது. நான்கு ஒலிம்பிக் என்றால் பன்னிரண்டு வருடம். ஓடுகின்ற கால்கள் பன்னிரண்டு வருடம் தளராதிருப்பது எளிதன்று.

எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. அந்த ஒலிம்பியாவிலே பெண்கள் போட்டியிடலாகாது. அடிமைகள் போட்டியிடலாகாது. தொடக்கத்தில் கிரேக்கரல்லாதாரும் களத்தில் இறங்கலாகாது. இதனால் நமது அளவுகோலுக்கு இரண்டாவது முனையொன்று வேண்டும் என்பது தெரிகிறது: களத்தின் வாயில் யாருக்குத் திறந்திருந்தது? இதைப் பின்னர் விரிவாகப் பேசுவோம்.

தோல்வியின்றித் தொடர்ந்து வென்றவர் வரிசையும் உண்டு. 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் அமெரிக்கரான எட்வின் மோசஸ் 1977 முதல் 1987 வரை 122 பந்தயங்களில் ஒன்றிலேனும் தோற்றாரில்லை. (நமது டங்கன் வைற் 1948இல் இலண்டனில் வெள்ளிப்பதக்கம் பெற்றதும் இதே ஓட்டத்திற்றான், பத்துத் தடைகளைத் தாண்டிக்கொண்டு ஒரு சுற்று முழுவதும் ஓடும் கடினத்தை நம்மவர் அறிவர்.) இரஷ்ய மல்லர் அலெக்சாந்தர் கரேலின் மூன்று ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றவர். 130 கிலோ நிறையுள்ளவரைத் தரையினின்றும் தூக்கித் தலைக்கு மேலாக எறிவார். பதின்மூன்று வருடம் சர்வதேச அரங்கில் அவரை வெல்வார் இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் சிட்னியில் றூலன் கார்ட்னர் என்பவர் 1-0 என வென்று உலகைத் திகைக்கவைத்தார். பாக்கிஸ்தானின் ஜஹாங்கீர் கான் ஸ்குவாஷ் ஆட்டத்தில் 1981 முதல் 1986 வரை தோல்வியறியாதிருந்தார். 555 ஆட்டம் என்று கணக்குச் சொல்வர்.

இவ்வரிசையில் ஆண்களை மட்டும் எண்ணிவிட்டு வாதத்தை முடிப்பது நம்மவர் வழக்கம். அது சரியான வழக்கமன்று. ஸ்குவாஷ் என்றதும் ஜஹாங்கீர் கானைச் சொல்லும் பலருக்கு ஹெதர் மக்கே என்னும் பெயர் தெரியாது. அவர் அவுஸ்திரேலியாவில் குவீன்பியன் என்னும் சிற்றூரில் பதினொரு பிள்ளைகள் உள்ள குடும்பத்திற் பிறந்தவர். பிரித்தானியப் பகிரங்கப் போட்டியில் 1962 முதல் 1977 வரை தொடர்ந்து பதினாறு முறை வென்றார். தம் ஸ்குவாஷ் வாழ்வு முழுவதிலும் அவர் தோற்ற ஆட்டங்கள் இரண்டே: ஒன்று 1960இல், மற்றது 1962இல். அதன்பின் 1981இல் ஓய்வு பெறும்வரை ஒருவரும் அவரை வென்றதில்லை. ஏறத்தாழப் பத்தொன்பது வருடம்! அவர் வெல்லத் தொடங்கியபோது பிறந்த பெண் குழந்தை வளர்ந்து, ஆட்டம் பழகி, அவரை எதிர்த்து நின்று தோற்பதற்குப் போதிய காலம் அது. இதற்கிடையில் தம் நாட்டு மகளிர் ஹொக்கி அணியிலும் இடம்பெற்றார் என்றால் என்ன சொல்வது!

ஒல்லாந்து நாட்டு எஸ்தர் வெர்கீரையும் இங்கே குறிப்பிடவேண்டும். எட்டு வயதிற் செய்யப்பட்ட சத்திரசிகிச்சையின்பின் கால்கள் செயலிழந்தமையால் சக்கர நாற்காலியில் அமர்ந்து ரெனிஸ் ஆடியவர். 2003 முதல் 2013இல் ஓய்வு பெறும்வரை ஒற்றையர் ஆட்டங்களில் தொடர்ந்து 470 வெற்றிகள். தோற்காமலே விடைபெற்றார்.

இவ்விரு பெண்மணிகளின் முன் எந்த ஆடவரை நிறுத்துவது? அவர்களது ஆட்டத்தை அக்காலத்தில் ஆடியவர் தொகை சிறியது என்று எதிர்வாதஞ் செய்வாருளர். அதில் உண்மை இல்லாமலில்லை. மகளிர் ஸ்குவாஷ் அன்று சில நாடுகளிலேயே வேரூன்றியிருந்தது. சிறிய குளத்தில் பெரிய மீனாக இருப்பதற்கும் சமுத்திரத்தில் அவ்வாறு இருப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஆனால் குளம் சிறிதாயிருந்தது மீனின் குற்றமன்று.

நிற்க. பெரியோரின் கட்சிக்கு வருவோம். டொனால்ட் பிராட்மன் சிறுவனாயிருந்தபோது பௌரல் என்னும் ஊரில் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் அடித்தளத்தில் கொல்ப் பந்தை எறிந்து, அது திரும்பிப் பாய்ந்து வரும்போது விக்கற் தடியால் அடித்துப் பழகினார். பந்தும் சிறிது, தடியும் மெலிது. அந்தப் பயிற்சியின் பயனை இங்கிலாந்து 1930இற் கண்டது. லீட்ஸ் மைதானத்தில் ஒரே நாளில் 309 ஓட்டங்கள். அத்தொடரில் மொத்தம் 974. 52 ரெஸ்ற் ஆட்டங்களில், 80 இன்னிங்ஸில், 6,996 ஓட்டங்கள், 29 சதங்கள். சராசரி 99.94. 1948 ஆகஸ்டில் இலண்டன் ஓவல் மைதானத்தில் தமது இறுதி இன்னிங்ஸுக்கு வந்தபோது நான்கு ஓட்டங்கள் எடுத்திருந்தாற் சராசரி நூறாகியிருக்கும். எரிக் ஹொலிஸ் வீசிய இரண்டாவது பந்தில் ஓட்டமெதுவுமின்றி ஆட்டமிழந்தார்.

இரண்டாமவர் எங்கே நிற்கின்றார்? தென்னாபிரிக்காவின் கிறேயம் பொலொக் 60.97, மேற்கிந்தியத் தீவுகளின் ஜோர்ஜ் ஹெட்லி 60.83, இங்கிலாந்தின் ஹேர்பேட் சட்கிளிவ் 60.73. நூறாண்டுகளுக்கு மேற்பட்ட ரெஸ்ற் வரலாற்றில் நீண்டகாலம் ஆடிய மேதைகள் யாவரும் அறுபதை ஒட்டியே வந்து நின்றுவிட்டனர். ஒருவர் மட்டும் நூறின் வாயிலில் நிற்கின்றார். சாள்ஸ் டேவிஸ் என்னும் அவுஸ்திரேலியக் கணக்கறிஞர் பல விளையாட்டுகளின் முதல்வர்களை நியம விலகல் என்னும் கணித முறையால் ஒப்பிட்டார். பிராட்மனுக்கு 4.4 வந்தது, அடுத்த இடத்தைப் பெற்ற பெலேக்கு 3.7. கணிதம் பயிலும் மாணவர் இவ்வேறுபாட்டின் பெருமையை மற்றவர்க்கு விளக்கிச் சொல்லட்டும்.

அவரைத் தடுக்க எதிரிகள் செய்ததும் ஒரு சான்று. 1932-33இல் இங்கிலாந்து அணித்தலைவர் ஜார்டின், லார்வூட் முதலிய வேகப்பந்து வீச்சாளரைக் கொண்டு துடுப்பாட்டக்காரரின் உடலை நோக்கியே பந்து வீசச் செய்தார். ஒரு மனிதனை அடக்குவதற்காக ஒரு போர்முறையே வகுக்கப்பட்டது. அத்தொடரில் அவர் சராசரி 56.57ஆகத் தாழ்ந்தது. வேறெவர்க்கும் அது வாழ்நாட் பெருமையாயிருக்கும். அவருக்கு அது தோல்வி எனப்பட்டது.

1948 மார்ச்சில் இங்கிலாந்து செல்லும் வழியில் அவர் அணி கொழும்பிற் கப்பலிறங்கி, தமிழ் யூனியன் கழகத்தாரின் ஓவல் மைதானத்தில், இன்று சரவணமுத்து மைதானம் எனப்படும் இடத்தில், ஆடியது. பிராட்மன் எடுத்தது 20 ஓட்டங்கள். ஆடுகளம் 22 யாருக்குப் பதில் 20 யாரே நீளமாயிருந்ததென்று கண்டறியப்பட்டது. யாருக்கு ஓரோட்டம் என்ற கணக்கு எம்மவர் நகைச்சுவைக்கு நல்ல பொருள்.

இனி, வாயிலைப் பற்றிய கேள்வி. வில்லுக்கு விசயன் என்பது நம் வழக்கு. ஆனால் அந்த விசயன் நிகரற்றவனாக நிற்பதற்கு ஏகலைவன் கட்டைவிரலைக் கொடுக்கவேண்டியிருந்தது. அரங்கத்தில் வந்து நின்ற கர்ணனைக் குலம் கேட்டு நிறுத்தவேண்டியிருந்தது. பாரதம் படித்த நாம் இக்கேள்வியைப் பிராட்மனிடமும் கேட்டேயாகவேண்டும்.

1931 நவம்பரில் பிறிஸ்பேனில் எடி கில்பேட் என்னும் ஆதிக்குடிப் பந்து வீச்சாளர் சில பந்துகள் மட்டுமே வீசிப் பிராட்மனை ஓட்டமெதுவுமின்றி வெளியேற்றினார். ஒரு பந்து துடுப்பையே அவர் கையினின்றும் தட்டிவிட்டது. தாம் சந்தித்த வேகங்களுள் அதுவே கடியது எனப் பிராட்மன் பிற்காலத்தில் எழுதினார். அந்தக் கில்பேட் ஆதிக்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட குடியிருப்பினின்றும் வெளியே செல்வதற்கு அரசாங்க அதிகாரியின் அனுமதி பெறவேண்டியவர். அவர் பந்தை வீசவில்லை, எறிந்தார் என்ற குற்றச்சாட்டும் இருந்தது. அதை மறைப்பது நியாயமன்று. எப்படியாயினும் ஒரு ரெஸ்ற் ஆட்டத்திலேனும் அவர் ஆடியதில்லை. அமெரிக்க பேஸ்போலிலும் இதே கதை. 1920இல் பேப் றூத் 54 ஹோம் றன் அடித்தார். அவருடைய லீக்கில் அடுத்தவர் அடித்தது 19. ஆனால் 1947இல் ஜாக்கி றொபின்சன் நுழையும்வரை அந்த லீக்குகளின் கதவு கறுப்பின வீரர்க்கு அடைத்தே கிடந்தது. ஜோஷ் கிப்சன் போன்றோர் வேறு லீக்கில் ஆடிக் கழிந்தனர். றூத்தின் இரண்டாமவர் உண்மையில் யார் என்பதை அந்த அடைத்த கதவு மறைத்துவிட்டது.

இதனாலேயே ஜோர்ஜ் ஹெட்லியின் 60.83ஐ மற்ற எல்லா எண்களிலும் பார்க்க நான் மதிக்கின்றேன். அவர் பாதி திறந்த கதவினூடாக வந்தவர். மேற்கிந்திய அணியின் தலைமை வெள்ளையர்க்கே உரியதென வைத்திருந்த காலத்தில் 1948இல் ஒரேயொரு ரெஸ்ற் ஆட்டத்துக்கு மட்டும் அவர் தலைவராக்கப்பட்டார். கறுப்பின வீரரொருவர் தொடர் முழுவதற்கும் தலைமை தாங்கியது 1960இல், பிராங் வொறலோடு. வலிமை குன்றிய அணியில், துணைநிற்பார் குறைந்த நிலையில், 22 ஆட்டங்களில் ஹெட்லி பத்துச் சதங்கள் அடித்தார். லோர்ட்ஸ் மைதானத்தில் 1939இல் இரு இன்னிங்ஸிலும் சதம். அவரைக் கறுப்புப் பிராட்மன் என்றழைத்தனர். பிராட்மனை வெள்ளை ஹெட்லி என்று திருப்பிச் சொன்ன மேற்கிந்தியரும் உண்டு. சொன்னவர் பக்கம் என் நெஞ்சம் சாய்கின்றது. ஆயினும் நெஞ்சம் சாய்வது வேறு, கணக்கு வேறு. ஹெட்லிக்கு நல்ல அணியும் நிறைந்த வாய்ப்பும் கொடுத்து அவர் சராசரியோடு பத்தைக் கூட்டினாலும் எழுபது. பதினைந்தைக் கூட்டினாலும் எழுபத்தாறைத் தொடாது. கில்பேட் ஒவ்வோராண்டும் எதிரே வந்து பந்து வீசியிருந்தால் பிராட்மனின் நூறு எண்பதாகியிருக்கலாம். அப்போதும் இருவருக்குமிடையில் இடைவெளி எஞ்சுகின்றது. வேறெந்த வீரருக்கும் இவ்வளவு கழித்தபின் இவ்வளவு மிஞ்சுவதில்லை. ஆகவே இவ்வாதத்தில் என் வாக்கு முதியோர் பக்கமே. இளைஞர் மறுப்பதானால் போல்ற்றை விட்டு ஹெதர் மக்கேயோடு வரட்டும்.