எட்டில் ஒன்றா, பதினாறில் ஒன்றா? விதைக்கு ஒதுக்கும் தானியம் குறித்து நாவலூர்ப் பகுதியை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

விளைச்சலில் விதைக்குப் போகும் பங்கைப் பற்றி எழுதுவோர் தாதாபாய் நௌரோஜியைக் கடந்து செல்ல முடியாது. 1876-இல் பம்பாயில் படித்த ‘இந்தியாவின் வறுமை’ என்னும் ஆய்வில், 1867 முதல் 1870 வரையிலான அரசு அறிக்கைகளைக் கொண்டு நாட்டின் வேளாண் விளைச்சலை 27.7 கோடி பவுண்டு என்று அவர் மதிப்பிட்டார். அதில் விதைக்காக 6 விழுக்காட்டைக் கழித்து 26 கோடி பவுண்டுக்கு வந்தார். ஆளுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய் என்ற புகழ்பெற்ற முடிவு, இந்தக் கழிவையும் தாங்கியே நிற்கிறது.

அந்த 6 விழுக்காட்டை அவர் எப்படி எடுத்தார் என்பதில்தான் எனக்கு மாறுபாடு. பஞ்சாப் நிர்வாகத்தின் 1850-51 அறிக்கை விதைக்கு எட்டில் ஒரு பங்கை, அதாவது 12.5 விழுக்காட்டைக் கழித்திருந்தது. நௌரோஜி அதை அறிந்திருந்தார், தம் ஆய்விலேயே குறிப்பிடுகிறார். ஆனாலும் அதைக் கொள்ளாமல், ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்கே போதும் என்று பாதியாகக் குறைத்தார். விதை குறைவாகவே தேவைப்படும் பயிர்களும் உண்டு என்பது அவர் சொல்லும் காரணம். இதில் ஒரு வாதத் திறமும் இருப்பதாக எனக்குப் படுகிறது. கழிவு குறைந்தால் நிகர விளைச்சல் கூடும். அப்படிக் கூட்டிக் காட்டிய பின்னும் வறுமை இவ்வளவு என்றால் அரசுத் தரப்பு மறுக்க வழியில்லை. வழக்காடுபவருக்கு அது நல்ல உத்தி. ஆனால் உழவரின் கணக்கை அறிய விரும்பும் ஆய்வாளருக்கு அது தடையாகிவிடுகிறது. இரண்டு எண்களில் ஒன்று சரி, மற்றது மிகை என்ற எண்ணத்தை அது விதைத்துவிட்டது.

இரண்டும் ஒரே வயலின் எண்களாக இருக்கலாம் என்பதே என் வாதம். விதையின் அளவை நிலத்தின் பரப்பு தீர்மானிக்கிறது. விளைச்சலின் அளவை மழை தீர்மானிக்கிறது. முன்னதைப் பின்னதன் விழுக்காடாகச் சொன்ன கணமே, ஆண்டுக்கு ஆண்டு ஆடும் ஒன்றை நிலையானதாகக் காட்டிவிடுகிறோம்.

நாவலூர், தாழம்பூர், சிறுசேரி, தையூர் ஆகிய ஊர்கள் அடங்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டப் பகுதி இதற்கு நல்ல சான்று. வடகிழக்குப் பருவமழையையும் ஏரியையும் நம்பிய நிலம் இது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்ற பட்டங்களில் எது கைகொடுக்கும் என்பதை ஏரி நீரே முடிவு செய்தது. நாற்றங்கால் விட்டு நடுவதோடு, மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் நேரடியாக விதைக்கும் புழுதிக்கால் முறையும் இம்மாவட்டத்தில் உண்டு. நடவுக்கு எக்டேருக்கு 30 முதல் 60 கிலோ விதை போதும் என்றும், நேரடி விதைப்புக்கு 75 முதல் 100 கிலோ வேண்டும் என்றும் இன்றைய வேளாண் பரிந்துரைகள் கூறுகின்றன.

இதில் 75 கிலோவை எடுத்துக்கொள்வோம். எக்டேருக்கு 1,200 கிலோ நெல் விளைந்த ஆண்டில் விதையின் பங்கு பதினாறில் ஒன்று. மழை பொய்த்து விளைச்சல் 600 கிலோவாக இறங்கினால் அதே விதை எட்டில் ஒன்றாகிவிடும். விளைச்சலே இல்லாத ஆண்டில் விழுக்காட்டுக்கே பொருளில்லை. அடுத்த பட்டத்துக்கு வேண்டிய விதையோ ஒரு மரக்கால்கூடக் குறைவதில்லை. இன்றைய விதையளவை 19-ஆம் நூற்றாண்டுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மரக்கால் ஊருக்கு ஊர் மாறியது. புழுதிக்கால் எவ்வளவு பரப்பில் நடந்தது என்பதும் தீராத கேள்வி. ஆனால் என் வாதம் 75 என்ற எண்ணைச் சார்ந்ததன்று. எந்த விதையளவை வைத்தாலும், விளைச்சல் பாதியானால் விதையின் பங்கு இரட்டிப்பாகும்.

நௌரோஜி தம் ஆய்வைப் படித்த அதே 1876-இல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. நாவலூருக்குக் கிழக்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி, 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அந்த ஆண்டுகளில் விதைநெல்லைக் காப்பதா, குத்தி உண்பதா என்பதே குடும்பங்களின் முன் நின்ற கேள்வியாக இருந்திருக்கும். விதையும் மாடும் வாங்க அரசு கடன் தரலாம் என 1884-இல் உழவர் கடன் சட்டம் வந்தது. சராசரி ஆண்டில் 6 விழுக்காட்டை ஒதுக்கிவிட முடியும் என்றால் இப்படி ஒரு சட்டத்துக்குத் தேவை என்ன? விதைச் சுமை சராசரியில் தெரிவதில்லை, மோசமான ஆண்டில்தான் தெரிகிறது என்பதற்கு இச்சட்டத்தையே சான்றாகக் கொள்கிறேன்.

நௌரோஜி ஒதுக்கிய அந்த எட்டில் ஒன்று பின்னர் வேறொரு வடிவில் தென்படுகிறது. இந்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையில், 1951 முதலான தானிய இருப்பைக் காட்டும் அட்டவணையின் அடிக்குறிப்பு ஒன்று, மொத்த உற்பத்தியில் 87.5 விழுக்காட்டையே நிகர உற்பத்தியாகக் கொள்கிறது. தீவனம், விதை, சேதாரம் மூன்றுக்கும் சேர்த்துக் கழிப்பது 12.5 விழுக்காடு. பஞ்சாப் அறிக்கையிலிருந்து இது நேராக வந்தது என்று நான் சொல்லவில்லை. அங்கே விதைக்கு மட்டும் சொன்னது, இங்கே மூன்றுக்கும் பொதுவானது. ஆனால் நிலையான ஒரு பின்னத்தால் விதையை அளக்கும் பழக்கம் இரண்டிலும் ஒன்றே.

இந்தப் பழக்கத்தின் குறை மக்காச்சோளத்தில் மிகத் தெளிவாகப் புலப்படும். அது நாவலூர்ப் பக்கத்துப் பயிரன்று. பெரம்பலூர், அரியலூர், திண்டுக்கல், சேலம், விருதுநகர் மாவட்டங்களின் பயிர். 1950-51-இல் இந்தியாவில் 31.6 லட்சம் எக்டேரில் 17.3 லட்சம் டன் விளைந்தது. எக்டேருக்கு 547 கிலோ. 2020-21-இல் 98.9 லட்சம் எக்டேரில் 316.5 லட்சம் டன். எக்டேருக்கு சுமார் 3,200 கிலோ. வீரிய ஒட்டு ரகங்களுக்கு இன்று பரிந்துரைக்கும் 20 கிலோவை ஒப்பீட்டுக்காக இரண்டு ஆண்டுக்கும் வைத்தால், விதையின் பங்கு 3.7 விழுக்காட்டிலிருந்து 0.6 விழுக்காடாகச் சரிகிறது. விதையின் எடையோ சுமார் 63,000 டன்னிலிருந்து 2 லட்சம் டன்னை எட்டுகிறது. பங்கு ஆறில் ஒன்றாகச் சுருங்க, எடை மூன்று மடங்கானது. அதுவும் கணிசமான பகுதி கோழித்தீவனமாகும் ஒரு பயிருக்குத் தீவனத்தையும் சேர்த்து 12.5 விழுக்காடு என்பது எவ்வகையிலும் பொருந்தாது.

இன்னொரு மாற்றத்தை எந்த விழுக்காடும் காட்டாது. 1961-இல் கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் என்ற முதல் வீரிய ஒட்டு மக்காச்சோள ரகங்கள் வெளிவந்தன. வீரிய ஒட்டின் விளைச்சலை மறுபடி விதைத்தால் வீரியம் குறையும் என்பதால், அதைப் பயிரிடுபவர் களத்திலிருந்து விதை எடுத்துவைப்பதில்லை. பருவந்தோறும் விலைக்கு வாங்குகிறார். 2018-இல் படைப்புழு நாட்டுக்குள் வந்தபின், பயிர் அழிந்து மறுவிதைப்பு செய்ய நேர்ந்தவருக்கு அந்தச் செலவு இருமுறை. விதைப் பங்கு 0.6 விழுக்காடு என்பதைச் சுமை இறங்கிவிட்டதற்கு அடையாளமாக வாசித்தால், நௌரோஜியின் எண்ணை வாசிப்பதில் நேர்ந்த பிழையே இங்கும் நேரும். குதிரில் இருந்த சுமை கடன் கணக்குக்கு இடம் மாறியிருக்கிறது.

ஆகவே விதை ஒதுக்கீட்டின் வரலாற்றை எழுதுவோர் மூன்றைத் தனித்தனியே பதிய வேண்டும்: பரப்புக்கு எவ்வளவு விதை, அதில் சொந்தக் களத்து விதை எவ்வளவு, விளைச்சல் பொய்த்த ஆண்டில் அது எங்கிருந்து வந்தது. செங்கல்பட்டின் நெல்லுக்கு முதல் கேள்விக்கே அரைகுறை விடைதான் இப்போது தர முடிகிறது. ஊர்க் கணக்குகளையும் கடன் பதிவேடுகளையும் இந்த மூன்று கேள்விகளோடு மீண்டும் வாசித்தால் மற்ற இரண்டுக்கும் வழி பிறக்கலாம். அதுவரை 6 விழுக்காட்டை நௌரோஜியின் வாதத்துக்குரிய எண்ணாக மதிப்போம். நம் உழவரின் வாழ்க்கைக்கு உரிய அளவாக அதைக் கொள்ள வேண்டியதில்லை.