துப்பாக்கியும் தூரிகையும்

பாலையும் நீரையும் பிரித்துண்ணும் பறவை என்று அன்னத்துக்குப் பட்டம் சூட்டினர் பழம்புலவர். பிரித்ததைக் கண்டவர் யார்? எவருமிலர்! ஒருவர் சொன்னதை மற்றவர் பாடினார். பாடியதை நாம் படித்தோம். படித்ததைப் பிள்ளைகளுக்கும் பயிற்றினோம். வகுப்பிலே அன்னம் வரையச் சொன்னால், நாற்பது மாணவரும் ஒரே அன்னத்தைத்தான் வரைகின்றனர்: கரும்பலகையில் நாம் வரைந்ததை! அன்னத்தின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தோமில்லை.

பார்த்தார் ஒருவர். இங்கிலாந்து நாட்டு ஓவியர் பீட்டர் ஸ்காட்.

தென்முனை சென்று திரும்பும் வழியில், 1912-இல் பனிவெளியிலே மாண்ட கேப்டன் ஸ்காட்டின் மகன் இவர். அப்போது இவருக்கு வயது இரண்டு. சாவின் வாயிலில் நின்று மனைவிக்குத் தீட்டிய மடலில், பையனுக்கு இயற்கை நூலில் ஆர்வமூட்டு என்று எழுதினார் தந்தை. கடவுள் நம்பிக்கையையும் ஊட்ட முயல்க, அது ஆறுதல் தரும் என்றும் அதே மடலில் உண்டு, மறைப்பானேன்?

ஆர்வம் வந்தது. எவ்வடிவில்? துப்பாக்கி வடிவில்! கேம்பிரிட்ஜில் பயின்ற நாட்களில், விடியுமுன் சதுப்பிலே பதுங்கிக் காட்டு வாத்துக்களைச் சுட்டு வீழ்த்துவதே அவருக்குப் பேரின்பம். அதே விடியலை, அதே சிறகணியைத் திரைச்சீலையிலும் தீட்டினார். 1933-இல் இலண்டனில் கண்காட்சி நடந்தது; படங்கள் விற்றன. காலையில் கொலை, மாலையில் கலை!

அடிபட்டு, எவரும் எட்ட முடியாத சேற்றிலே குற்றுயிராய்க் கிடந்த வாத்தொன்றின் நினைவு அவரை உறுத்திற்று. இதைச் செய்ய மனிதனுக்கு என்ன உரிமை என்ற வினா எழுந்தது. ஒரே நாளில் மனம் மாறிவிடவில்லை. ஆண்டுகள் பல சென்றபின்பே வேட்டையை விட்டார்.

1946-இல் செவர்ன் ஆற்றோரம், சிலிம்பிரிட்ஜில், நீர்ப்பறவைகளுக்குப் புகலிடம் கண்டார். ஹவாய்த் தீவுகளின் நேனே வாத்து அழிவின் விளிம்பில் நின்ற நேரம் அது. எஞ்சியவை ஐம்பதுக்கும் குறைவு. 1950-இல் இரண்டை வரவழைத்து, ஆணும் பெண்ணுமென்று நம்பி வளர்த்தனர். இரண்டுமே முட்டையிட்டன! பிறகு ஆண் ஒன்று வந்து சேர்ந்தது. அவற்றின் வழித்தோன்றல்கள் 1962-இல் ஹவாய்க்குத் திரும்பின. இன்று அங்கே நேனேக்கள் மூவாயிரத்துக்கும் மேல். உலக வனவிலங்கு நிதியத்துக்கு 1961-இல் பாண்டா சின்னத்தை வரைந்ததும் இவர் கையே.

அன்னத்துக்கு வருவோம். 1964-இல், ருஷியாவின் வடகோடியிலிருந்து குளிர்காலம் கழிக்க வந்த பெவிக் அன்னங்கள் அவர் பலகணிக்கு எதிரே குளத்தில் இறங்கின. நம் கண்ணுக்கு அனைத்தும் ஒன்றே. ஓவியரின் கண்ணோ, அலகிலே மஞ்சளும் கருப்பும் கலந்த கோலம் ஒன்றுக்கொன்று வேறுபடுவதைக் கண்டது. முன்புறமாகவும் பக்கவாட்டிலும் ஒவ்வொரு முகத்தையும் தீட்டிப் பெயரிட்டார். மறு ஆண்டு மீண்டவற்றை ஏட்டைப் புரட்டி இனங்கண்டார். எது தன் துணையோடு வந்தது, எது குஞ்சுகளை அழைத்து வந்தது, எது வரவேயில்லை என்பதெல்லாம், காலில் வளையம் பூட்டாமலே, தெரியலாயிற்று. அழகுக்காகப் பிறந்த ஓவியம் அறிவுக்குக் கருவியாயிற்று.

அந்தக் கண்ணும் ஒருமுறை சறுக்கியது! ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் பூதவிலங்கு உண்டென்று, மங்கிய நிழற்படங்களை நம்பி, 1975-இல் அதற்கு அறிவியற் பெயரும் சூட்டி, ‘நேச்சர்’ ஏட்டிலே வெளியிட்டார். காணாததைப் படமாகவும் தீட்டினார். பால் பிரிக்கும் அன்னத்தைப் பாடிய நம் புலவரை நகைத்த நாம், இவரை மட்டும் விட்டுவிடுவது முறையாமோ?

1989-இல் அவர் மறைந்தார். அன்னங்களின் முகங்களைப் பதியும் பணி நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான முகங்கள் அந்த ஏடுகளில் உள்ளன. சட்டம் காக்கும் பறவைகள்தாம் அவை. ஆயினும், 1970-களின் தொடக்கத்தில் சிலிம்பிரிட்ஜில் அவற்றைப் பிடித்து எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒன்றின் உடலுக்குள் வேட்டைக்காரரின் ஈயக்குண்டுகள் தைத்திருந்தன.