விக்கிரமாதித்தன் கதைகள்: முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம்... அப்போ எங்கிருந்து படிப்பது?

"வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிடுச்சு" என்று ஒரு தடவையாவது சொல்லாத வீடு தமிழ்நாட்டில் இருக்காது. ஆனால் அந்த வேதாளம் வருகிற புத்தகத்தைக் கடைசி வரை படித்தவர்கள் ரொம்பக் குறைவு. புத்தகக் கண்காட்சியில் ஆசையாக வாங்குவார்கள், நாற்பது ஐம்பது பக்கம் போவார்கள், அப்புறம் அது பீரோ மேல் போய்விடும்.

குறை வாசகர் மேல் இல்லை. பெரும்பாலானவர்கள் தப்பான இடத்தில் ஆரம்பிக்கிறார்கள்.

எது முதல் கதை?

பெரிய எழுத்துப் பதிப்பாக இருந்தாலும் சரி, சமீபத்திய தொகுப்பாக இருந்தாலும் சரி, விக்கிரமாதித்தன் கதை பொதுவாக விக்கிரமாதித்தனிடம் ஆரம்பிப்பதில்லை. அவன் காலம் முடிந்து ரொம்ப நாளைக்குப் பிறகு, போஜராஜனிடம் ஆரம்பிக்கிறது.

ஒரு கொல்லைக்காரன். பரண் மேல் நிற்கும்போது மகா தாராள மனசுக்காரன். "வாங்க, வேணுங்கிற கதிரை ஒடிச்சுச் சாப்பிடுங்க" என்று போஜனின் ஆட்களைக் கூப்பிடுவான். கீழே இறங்கியதும், "ஐயோ, என் கொல்லையை அழிக்கிறாங்களே" என்று கத்துவான். மறுபடி பரண் ஏறினால் மறுபடி வள்ளல். இறங்கினால் கஞ்சன். சந்தேகப்பட்டு அந்த இடத்தைத் தோண்டினால், உள்ளே விக்கிரமாதித்தனின் சிம்மாசனம். இந்திரன் கொடுத்தது. 32 படி, படிக்கு ஒரு பதுமை.

பாப்பாரப்பட்டி, பென்னாகரம் பக்கத்து வாசகருக்குப் பரண் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ராகியும் சாமையும் விளையும் கொல்லையில், காட்டுப்பன்றிக்குப் பயந்து ராத்திரி காவல் இருக்கிறவர்களுக்கு இந்தக் காட்சி படிக்கும்போதே கண்ணில் தெரியும். இதுவரைக்கும் தாராளமாகப் படிக்கலாம். நல்ல சிரிப்பு.

சிக்கல் இதற்குப் பிறகுதான். போஜன் சிம்மாசனத்தில் ஏறக் காலை வைக்கும்போதெல்லாம் ஒரு பதுமை சிரிக்கும். "விக்கிரமாதித்தன் மாதிரி உனக்குத் தகுதி இருக்கா?" என்று கேட்டு ஒரு கதை சொல்லும். போஜன் திரும்பிப் போவான். மறுபடி வருவான், அடுத்த பதுமை. இப்படி 32 தடவை. வரிசையாகப் படிக்கிறவருக்கு ஐந்தாறு பதுமையிலேயே மூச்சு முட்டும்.

நடுவில் குதிப்பது தப்பா?

தப்பே இல்லை. ஏனென்றால் இது ஒரே நாவல் அல்ல. பதுமைக் கதைகள் ஒரு தொகுப்பு, வேதாளக் கதைகள் வேறொரு தொகுப்பு. சமஸ்கிருதத்தில் இரண்டும் தனித்தனியாகவே இருந்தன. காஷ்மீரத்தில் 11-ஆம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் வேதாளக் கதைகள் வரும், சிம்மாசனக் கதைகள் வராது. தமிழ்ப் பதிப்புகள் பலவற்றில் இந்த இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. கோத்ததை வாசகர் பிரித்துப் படித்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆக, பரண் கதை முடிந்ததும் நேராக வேதாளத்திடம் போய்விடலாம். பொருளடக்கத்தில் "வேதாளம்" என்ற சொல்லைத் தேடினால் போதும்.

வேதாளத்தின் கண்டிஷன் என்ன?

ஒரு சந்நியாசிக்காக ராஜா ராத்திரியில் சுடுகாட்டுக்குப் போய், மரத்தில் தொங்கும் பிணத்தைத் தூக்கி வர வேண்டும். பிணத்துக்குள் வேதாளம். வழியில் கதை சொல்லி, கடைசியில் ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் ராஜாவின் தலை வெடிக்கும். வாயைத் திறந்து சொல்லிவிட்டால் மௌனம் கலைந்தது என்று வேதாளம் மரத்துக்கே பறந்துவிடும். முட்டாளாக இருந்தால் ராஜா எப்போதோ தப்பித்திருப்பான். புத்திசாலியாக இருப்பதால்தான் ராத்திரி முழுக்க நடக்கிறான். இந்தப் பொறியை யோசித்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

முதலில் படிக்க ஏற்றது மூன்று நாசூக்குக்காரர்கள் கதை. சோமதேவர் சொல்கிறபடி, மூன்று அண்ணன் தம்பிகள். ஒருத்தன் சாப்பாட்டில் நாசூக்கு: அரண்மனைச் சோற்றில் பிணவாடை வீசுகிறது என்று எழுந்துவிடுவான். விசாரித்தால், அந்த நெல் சுடுகாட்டுப் பக்கத்து வயலில் விளைந்தது. இன்னொருத்தன் பெண் விஷயத்தில் நாசூக்கு: அழகியிடம் ஆட்டு வாடை என்பான். அவள் குழந்தையில் ஆட்டுப்பால் குடித்து வளர்ந்தவள். மூன்றாமவன் ஏழு மெத்தை மேல் படுத்தும் அலறி எழுவான். ஏழாவது மெத்தைக்கு அடியில் ஒரே ஒரு முடி, அவன் விலாவில் சிவப்புத் தழும்பு. மூவரில் யார் பெரிய நாசூக்குக்காரன்? விக்கிரமாதித்தன் மெத்தைக்காரனைச் சொல்கிறான். மற்ற இருவரும் யாரிடமாவது முன்கூட்டியே விசாரித்திருக்கலாம். உடம்பில் தழும்போடு நிற்பவன் பொய் சொல்ல முடியாது. (டென்மார்க்கின் ஆண்டர்சன் 1835-இல் வெளியிட்ட இளவரசியும் பட்டாணியும் கதை ஞாபகம் வருகிறதா? இது அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது.)

அடுத்து, இறந்துபோன பெண்ணை நேசித்த மூன்று பேர் கதை. ஒருத்தன் அவள் சாம்பலோடு சுடுகாட்டிலேயே படுத்துக் கிடந்தான். ஒருத்தன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோனான். ஒருத்தன் மந்திரம் கற்று வந்து உயிர் கொடுத்தான். அவள் யாருக்கு மனைவி? பதிலை இங்கே சொல்லப் போவதில்லை.

மூன்றாவதாகத் தலை மாறிய கதை. புருஷன் உடம்பில் அண்ணன் தலை, அண்ணன் உடம்பில் புருஷன் தலை. ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன் 1940-இல் இந்தக் கருவை எடுத்து ஒரு குறுநாவல் எழுதினார். கிரீஷ் கர்னாட்டின் கன்னட நாடகமான 'ஹயவதனா'வும் இதிலிருந்து கிளைத்ததுதான்.

மற்றவற்றை எந்த வரிசையிலும் படிக்கலாம், கடைசிக் கேள்வியை மட்டும் கடைசிக்கு வையுங்கள். ராஜாவுக்கே பதில் தெரியாமல் போகும் ஒரே இடம் அது.

ஆமாம், மொத்தம் 24-ஆ, 25-ஆ? ரெண்டும் சரிதான். கேள்விக் கதைகள் 24. சந்நியாசியிடம் போய்ச் சேர்ந்த பிறகு நடப்பதையும் சேர்த்தால் 25.

அம்புலிமாமாவில் படித்த கதை புத்தகத்தில் இல்லையே?

நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவில் வேதாளக் கதை பல பத்தாண்டுகள் மாதாமாதம் வந்தது. 24 கதையை வைத்துக்கொண்டு அத்தனை வருஷம் ஓட்ட முடியுமா? அந்தச் சட்டகத்துக்குள் புதுப்புதுக் கதைகளை எழுதிப் போட்டார்கள். தோளில் பிணம், கையில் வாள் என்று ஓவியர் சங்கர் வரைந்த படம் மட்டும் மாறவில்லை. சின்ன வயதில் படித்த கதை பெரிய எழுத்துப் புத்தகத்தில் கிடைக்காவிட்டால், அது பத்திரிகைக்காகப் பிறந்த கதையாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வாசகர்கள் யாரும் வரிசைப்படி படிக்கவில்லை. கையில் கிடைத்த மாதத்தில் நுழைந்தார்கள்.

வெளிநாட்டிலும் இதே கேள்வி உண்டு. இங்கிலாந்தின் டெர்ரி பிராட்செட் 1983 முதல் எழுதிய 'டிஸ்க்வேர்ல்ட்' நகைச்சுவை நாவல்கள் 41. ஆமை மேல் நாலு யானை, யானை மேல் தட்டையான உலகம். நம் ஊர்க் கூர்மமும் திசை யானைகளும்போல. அதன் ரசிகர்களும் புதியவர்களிடம் முதல் புத்தகத்தை விட்டுவிட்டு நாலாவதையோ எட்டாவதையோ எடுக்கச் சொல்வது வழக்கம்.

பட்டியை எப்போது சந்திக்கலாம்?

வேதாளம் முடிந்ததும். கூத்தில் ராஜா வேஷத்துக்குப் பக்கத்தில் கட்டியங்காரன் எப்படியோ, விக்கிரமாதித்தனுக்கு மந்திரி பட்டி அப்படி. ராஜாவுக்குச் சிம்மாசனத்தில் ஆயிரம் ஆண்டுதான் வரம், பட்டிக்கோ காளி கொடுத்த ஆயுள் இரண்டாயிரம். மீதி ஆயிரத்துக்கு என்ன செய்வது? பட்டி கணக்குப் போடுகிறான்: ஆறு மாதம் ஆட்சி, ஆறு மாதம் காடு. சிம்மாசனத்தில் உட்காராத நாள் கணக்கில் வராது. ஆயிரம் இரண்டாயிரம் ஆகிவிட்டது! பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிற தருமபுரிக்காரர்களை வீட்டில் "காடாறு மாசம், நாடாறு மாசம்" என்று சலித்துக்கொள்கிறார்களே, அந்தப் பேச்சு இங்கிருந்துதான். காட்டுக்குப் போகிற மாதங்களில் நடப்பவைதான் பட்டி வரும் கதைகளில் சுவையானவை. 32 பதுமைகளை அதற்கப்புறம் தோன்றியபோது ஒன்றிரண்டாகப் படித்தால் போதும்.

பிள்ளைகளிடம் கொடுக்கலாமா?

அப்படியே தூக்கிக் கொடுக்க வேண்டாம். பழைய பதிப்புகள் பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. பெண்களைச் சந்தேகப்படுவதே சில கதைகளின் முழு விஷயம். உடன்கட்டையைப் புகழ்கிற இடங்கள் உண்டு. சாதிப் பெருமை பேசும் இடங்களும் உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்குச் சிறுவர் பதிப்பு நல்லது. அதையும் பெற்றோர் ஒரு தடவை புரட்டிவிட்டுக் கொடுப்பது மேல். கொஞ்சம் பெரிய பிள்ளையென்றால் சேர்ந்து படித்து, "இது சரியா?" என்று கேட்கலாம். வேதாளம் செய்வதும் அதைத்தானே.

வாய்விட்டு வாசித்துக் காட்டுகிறவர்களுக்கு ஒரு யோசனை. ராஜா சொல்லும் பதிலை உடனே வாசிக்காதீர்கள். கேள்வியோடு புத்தகத்தை மூடிவிட்டு, சாப்பிட்டு முடிக்கும்வரை வீட்டில் சண்டை நடக்கட்டும்.