திருச்சிராப்பள்ளி – திருவரங்கம்: காலநிலை இடர் மதிப்பீடு

காலநிலை மாற்றத்தால் ஓர் ஊருக்கு நேரக்கூடிய தீங்கை முன்னறிந்து, தகவமைப்புப் பணிகளை வரிசைப்படுத்தும் ஆய்வே உள்ளூர் இடர் மதிப்பீடு எனப்படும். வெள்ளம், வெப்பம் போன்ற பேரிடர்க் காரணி, அதன் வழியில் அமைந்துள்ள மக்களும் உடைமைகளும், அவர்களைத் தாங்கவியலாதவர்களாக்கும் வலுக்குறைவு ஆகிய மூன்றும் சேர்ந்ததையே இடர் என்று பன்னாட்டுக் காலநிலைக் குழு (ஐபிசிசி) வரையறுக்கிறது.

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிய, இரண்டுக்கும் நடுவே தீவாக அமைந்த திருவரங்கத்தின் வெள்ள இடரை உள்ளூர் மழைமானியைக் கொண்டு மட்டும் அளப்பது பிழையாகும். ஏனெனில் இங்கு வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன்பே, மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை மேட்டூர் அணையை நிரப்பி, உபரிநீராக வந்து சேர்கிறது. 2018 ஆகஸ்டில் அவ்வாறு பெருகிய வெள்ளத்தில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்ததோடு, 1836-இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில் எழுந்த முக்கொம்பு மேலணையின் மதகுகளில் ஒன்பதும் ஆகஸ்ட் 22 அன்று உடைந்தன. ஆற்றின் வேகத்துடன் கட்டுமானத்தின் முதுமையும் மணல் அள்ளப்பட்டுத் தாழ்ந்த படுகையும் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

திருச்சிராப்பள்ளி நகரின் தென்மேற்குப் பகுதியின் நிலை வேறு: அங்குக் கோரையாறும் குடமுருட்டியும் உள்ளூர் மழையாலேயே கரை மீறுகின்றன. கோடையில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் வெயிலில் சாலையோர வணிகரும் கட்டுமானத் தொழிலாளரும் முதலில் பாதிக்கப்படுவதால், வெப்பத்தின் வரைபடத்தோடு அவர்கள் பணியிடங்களின் வரைபடமும் பொருத்திப் பார்க்கப்பட வேண்டும். குடிநீர்க் கிணறுகள் ஆற்றுப்படுகையிலேயே அமைந்திருப்பதால், வறட்சியும் வெள்ளமும் ஒரே மதிப்பீட்டில் இடம்பெறுவது இன்றியமையாதது.